ஏழு நாளில் பதில் இல்லையென்றால்

என் நாத்தனார் எங்கள் தொழிலை விட்டுப் போவதற்கு நான் ஒப்புதல் கொடுத்துவிட்டேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு எனக்கே அறிவிப்பு வந்தது. நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒப்புதல் கொடுத்த ஞாபகம் எனக்கு இல்லை. அவள் கேட்ட ஞாபகமும் இல்லை. அறிவிப்பைத் தொட்டதும் திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் மேலிருந்து கீழே உதிர்ந்தன. எது ஏற்கப்பட்டாலும் அப்படி உதிரும். அந்த வசதியை இயக்கி வைத்தவளும் நான்தான்.

ஆறடி தள்ளி, அவள் மேசையில், அவள் திரையிலும் அதே காகிதம் உதிர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்தாள். கணினியை மூடினாள். வாசலில் அடுக்கி வைத்திருந்த பார்சல்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, பார்சல் ஆஃபீஸ் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் டீயைக் கீழே வைத்தேன்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் தங்கை. வயது முப்பத்தெட்டு, வீட்டில் இன்னும் பாப்பாதான். நாத்தனார் என்றதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதை இங்கே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவள்தான். என் கணவர் இரண்டாவது, அதுவும் ஒழுங்காக நடந்துகொள்ளும் நாட்களில். அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பக்கத்து மேசை என்றால் அதில் அவள் இருப்பாள், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது குழந்தைகளுக்கான புத்தகம். உங்கள் குழந்தைதான் அதில் கதாநாயகன் அல்லது கதாநாயகி. பெயர், முடி, கண்ணாடி உண்டா, முன்பல் விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் இடமா வலமா என்று எழுதி ஒரு புகைப்படத்தையும் அனுப்பினால் போதும். உங்கள் குழந்தை நிலாவுக்குப் போகும், அல்லது காட்டில் தொலைந்து ஓர் ஆந்தையிடம் வழி கேட்கும், அல்லது தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்து ஒரு ஊரையே விழித்திருக்க வைக்கும். கதைகள் என்னுடையவை. படம் அவளுடையது. ஒரு டயர் கடைக்கு மேலே ஒரே அறை. இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு கெட்டில். கீழேயிருந்து நாள் முழுக்கக் காற்றடிக்கும் சத்தம் வரும்.

ஆரம்பத்தில் ஒரு புத்தகத்துக்கு ஒன்பது நாள் ஆனது. முதல் நாள் முழுக்கப் பாப்பா அந்தப் புகைப்படத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். பென்சிலைத் தொட மாட்டாள். கேட்டால், இந்தப் பையன் சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் சின்னதாகிறது, ஏன் என்று பார்க்கிறேன் என்பாள். எனக்கு வயிறு எரியும். பார்க்கிறதுக்கு ஒரு நாளா, அதுவும் கண்ணை. நான் பிரிண்டர் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவேன், அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. சிலருக்குச் செருப்பு, சிலருக்குப் பாத்திரம், எனக்கு மென்பொருள். பதினான்கு நாள் இலவசம் என்று எங்கே எழுதியிருந்தாலும் அங்கே நான் போய் நின்றிருப்பேன். வேலைகளை வரிசைப்படுத்த ஒரு பலகை, நாட்காட்டி ஒன்று, அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மூன்றாவது ஒன்று, கடவுச்சொற்களை எல்லாம் ஞாபகம் வைக்க ஒன்று, அதனுடைய கடவுச்சொல்லை எழுதி வைக்க ஒரு நோட்டு. சும்மா சொல்லக் கூடாது, எல்லாமே உபயோகமானவை. யாராவது குறை சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

அதில் ஒன்று ஒப்புதல் வாங்கித் தரும் மென்பொருள். குழந்தையின் முகம் சரியா என்று, அச்சுக்கு முந்தைய மாதிரியான ப்ரூஃபை அனுப்பிக் கேட்டால் பெற்றோரிடமிருந்து சத்தமே வராது, கிணற்றில் போட்ட கல். மூன்று வாரம் கழித்து, மாமியார் பார்த்துவிட்டு மூக்கு தங்கள் பக்கத்து மூக்கு இல்லை என்கிறார் என்று எழுதுவார்கள். இதற்குத்தான் அந்த விதி. இரண்டாம் நாள், நான்காம் நாள், ஆறாம் நாள் ஒவ்வொரு ஞாபகமூட்டல் போகும். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புதல் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. அந்தக் கடைசி வரியை நான் சேர்த்தது ஒரு அப்பாவால். அச்சாகி முடிந்த பிறகு மகனின் காதைச் சின்னதாக்கச் சொன்னார். அது அவருடைய காது. அப்படியே மகனுக்கு வந்திருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அடுத்தது கணினியில் இருக்கும் அந்த வேலைப் பலகை. பாப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. முக்கியமான எதையும் படியிறங்கும்போதுதான் சொல்வாள். செருப்பை மாட்டிக்கொண்டே, ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே புத்தகத்தில் அறுபது பிரதி கேட்டார்கள், வெள்ளிக்கிழமை வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள். சொல்வது வியாழக்கிழமையாக இருக்கும். இப்படி இரண்டு மூன்று தடவை ஆனதும் நான் சட்டம் போட்டேன். எதைச் சொல்வதாக இருந்தாலும் பலகையில் ஒரு கார்டு போட்டுச் சொல்ல வேண்டும், வாயால் சொன்னது கணக்கில் வராது. எல்லாமேவா அண்ணி என்று கேட்டாள். எல்லாமே என்றேன்.

மறுநாள் முதல் கார்டு வந்தது: டீத்தூள் தீர்ந்துவிட்டது, முன்னுரிமை அவசரம். எனக்குப் பரம சந்தோஷம். அவள் என்னைக் கிண்டல் செய்கிறாளோ என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன், ஆனால் அவள் முகம் அப்படி இல்லை. சொன்னால் சொன்னபடி செய்கிற பெண். அன்றிலிருந்து ஆறடி இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். அறை அமைதியாகிவிட்டது. வேலை ஓடியது.

அறிவிப்புகள்தான் தாங்கவில்லை. இரண்டே ஆள் இருக்கும் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு அறிவிப்பு. அதற்கும் ஒரு வழி செய்தேன். பலகையிலிருந்து வருவதெல்லாம் ‘பிறகு’ என்ற பெட்டிக்குத் தானாகப் போய்விடும், வெள்ளிக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. எந்த வெள்ளிக்கிழமை என்று நான் குறித்து வைக்கவில்லை. ஒப்புதல் ஆனவை மட்டும் நேராக என்னிடம் வரும், அச்சுக்கு அனுப்ப வேண்டுமே.

கடைசியாக, பதினான்கு மாதத்துக்கு முன்னால், முகங்களைக் கோக்கும் மென்பொருளை வாங்கினேன். என் வாழ்நாளில் நான் எடுத்த மிகச் சிறந்த முடிவு என்று அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாப்பா மூன்று மாதம் உட்கார்ந்து பதினான்கு மூக்கு, இருபத்திரண்டு தலைமுடி, ஒன்பது ஜோடிக் காது, பல்லில்லாத வாய் நான்கு என்று வரைந்து கொடுத்தாள். அதன் பிறகு புகைப்படத்தை உள்ளே போட்டால், அதுவே பொருத்தமான மூக்கைத் தேடி எடுத்து, பொருத்தமான காதுகளுக்கு நடுவே வைத்துவிடும். ஒன்பது நாள் வேலை நாற்பது நிமிடமானது. பாப்பா வந்த முகங்களைச் சரிபார்ப்பாள். நாளுக்கு முப்பது புத்தகம் போக ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பார்சலோடு இறங்கிப் போன பிறகு, நான் ‘பிறகு’ பெட்டியைத் திறந்தேன். பாப்பா போட்ட கார்டுகள் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு இருந்தன. பார்சல் ஆஃபீஸுக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். நான் மேலேயிருந்து படிக்கத் தொடங்கினேன்.

கொஞ்சம் கீழே வந்ததும் அந்தக் கார்டு இருந்தது. போன செவ்வாய்க்கிழமை, பத்து மணி இரண்டு நிமிடம். ‘அண்ணி, இலை வரையற வேலை ஒண்ணு கெடச்சிருக்கு. செடிகொடி ஆராய்ச்சி நிலையத்துல. ஒண்ணாம் தேதி சேரணுமாம். போகலாமா?’ இதைப் பலகையில் எந்தப் பத்தியில் போடுவது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. கேள்வியாக இருக்கிறதே என்று ‘ஒப்புதலுக்கு’ என்ற பத்தியில் போட்டிருக்கிறாள். அந்தப் பத்தியில் விழுவதெல்லாம் நேராக ஒப்புதல் மென்பொருளுக்குப் போகும், அதைப் பொறுத்தவரை இதுவும் ஒரு ப்ரூஃப். இரண்டாம் நாள், நான்காம் நாள், ஆறாம் நாள் எனக்கு ஞாபகமூட்டியிருக்கிறது. மூன்றும் அந்தப் பெட்டியிலேயே கிடந்தன. ஏழாம் நாள் நான் சம்மதித்திருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கீழே கீழே போனேன். பத்து மாதத்துக்கு முன்னால் ஒன்று: ‘பதினஞ்சாவது மூக்கு ஒண்ணு வரையட்டுமா? நேத்து பஸ்ஸுல ஒரு பையனப் பாத்தேன், அவன் மூக்கு நம்மகிட்ட இல்ல.’ முப்பது நாள் யாரும் தொடவில்லையென்றால் கார்டு தானாக மூடிக்கொள்ளும். தேவையில்லை என்ற குறிப்போடு மூடியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால்: ‘ஆந்தைய மட்டுமாவது ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் புதுசா வரையலாமா?’ தேவையில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால்: ‘அண்ணி, எனக்கு இன்னைக்கு வேலை என்ன?’ தேவையில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால்: ‘எம்மேல ஏதாவது கோவமா? காலக்கெடு வெள்ளிக்கிழமை.’ அதுவும் தேவையில்லை என்று மூடியிருந்தது.

கோபம் வந்தது. முதலில் அவள் மேல், வாயைத் திறந்து கேட்டால் என்ன என்று. அடுத்த நொடியே, திறக்கக் கூடாது என்று சொன்னது யார் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு கோபத்தை வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை, என் மேலேயே வைத்துக்கொண்டேன்.

சரி, தப்பு நடந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்று ஒப்புதலை ரத்து செய்யப் போனேன். முடியவில்லை. ஒப்புதலுக்குப் பின் மாற்ற இயலாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. அந்தக் காது அப்பாவை மனதாரத் திட்டினேன். மென்பொருளின் உதவி ஜன்னலில் என் பிரச்சினையை எழுதினேன்: ஒருவர் போவதற்குத் தவறுதலாகச் சம்மதம் போய்விட்டது, அவர் போகக் கூடாது. உடனே பதில் வந்தது. விலகிச் செல்லும் வாடிக்கையாளர்களைத் திரும்ப அழைக்க மூன்று மாதிரிக் கடிதங்கள் தயாராக உள்ளன, எது வேண்டும் என்று கேட்டது. மூன்றையும் படித்தேன். இரண்டாவது பரவாயில்லை. ‘நீங்கள் இல்லாமல் எங்களுக்கு ஏதோ குறைகிறது’ என்று ஆரம்பித்தது. கீழே தள்ளுபடி எவ்வளவு என்று நிரப்ப ஒரு கட்டம் இருந்தது.

ஜன்னலை மூடிவிட்டுக் கணவருக்கு ஃபோன் செய்தேன். உங்கள் தங்கை போகப் போகிறாளாமே, தெரியுமா என்றேன். தெரியுமே, பத்து நாள் முன்னாலேயே சொன்னாளே என்றார் சாவகாசமாக. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஆஃபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக் கூடாது, எதுவாக இருந்தாலும் பலகையில் போடுங்கள் என்று நான்தான் சொன்னேனாம். பலகைக்கு அவரிடம் கடவுச்சொல் இல்லையாம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க, பேசியிருப்பீங்கன்னு நெனச்சேன் என்றார். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டேன். பேசினால் வேறு மாதிரி வந்திருக்கும்.

அவள் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கார்டில் ஒரு படம் இணைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். திறந்தேன். ஒரே ஒரு இலை. வேலைக்கு மாதிரியாக வரைந்து கொடுத்தது போலிருக்கிறது. ஓரத்தில் புழு அரித்த ஓட்டை, ஒரு பக்கம் லேசாகக் காய்ந்து சுருண்டிருக்கிறது, நடு நரம்பிலிருந்து பிரியும் சின்ன நரம்புகளில் இரண்டு ஒரே மாதிரி இல்லை. எவ்வளவு நாள் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாளோ. எங்கே வைத்து வரைந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. இங்கே இல்லை, அது நிச்சயம். பதினோரு மாதமாக அவள் இந்த அறையில் ஒரு கோடு இழுக்கவில்லை என்பதும், அதை நான் நாற்பது நிமிடம் நாற்பது நிமிடம் என்று ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன் என்பதும் எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. ரொம்ப நேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பார்சல் ரசீதுகளை எடுத்து அதற்குரிய கிளிப்பில் மாட்டினாள். மாட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"பாப்பா, நான் பாக்கல" என்றேன்.

"எதை?"

"உன் கார்டை. நான் சம்மதம் குடுக்கல. அதுவா குடுத்துக்கிச்சு."

அவள் கையில் இன்னும் ஒரு ரசீது இருந்தது. அதை நான்காக மடித்தாள். ஏழு நாளாகவா பார்க்கவில்லை என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மூன்று ஞாபகமூட்டல் வந்திருக்குமே என்றாள். வந்தது, வேறு பெட்டிக்குப் போய்விட்டது என்றேன். எந்தப் பெட்டி என்று கேட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். முதல் இரண்டு நாள் கோபம் என்று நினைத்தாளாம். டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமை நான் அவளைப் பார்த்துச் சிரித்தேனாம். சரி, அண்ணி மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார், அவருக்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்திருக்கிறாள். வியாழக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு ஒரு புது நாட்காட்டிச் செயலி பதினான்கு நாள் இலவசமாகக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்தபோது எதிரில் அவள் இருந்தாள், சிரித்தேன்.

"நிராகரின்னு ஒரு பட்டன் இருக்குல்ல அண்ணி" என்றாள். "நீங்க அதை அமுக்குவீங்கன்னு நெனச்சுத்தான் கார்டே போட்டேன். அமுக்கிட்டு, என்னைக் கூப்பிட்டுத் திட்டுவீங்கன்னு நெனச்சேன்."

நான் என் நாற்காலியை அவள் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"இன்னும் பதினோரு நாள் இருக்கு. இப்ப வேணாம்னு சொல்லுங்க, ஃபோன் பண்ணி வரலேன்னு சொல்லிடறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

வேண்டாம் என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் ஒரு மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவள் இருப்பாள். நாளை காலை வழக்கம் போல ஆறடி தள்ளி உட்கார்ந்திருப்பாள், டீ வரும், மதியம் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து முகம் சுளிப்பாள். எனக்கு அது வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது வேறு கேள்வி.

"இருந்தா நாளைக்கு என்ன பண்ணுவே?"

யோசித்துப் பார்த்தாள். மூக்கு சரிபார்ப்பேன் என்றாள். முப்பத்தொரு மூக்கு வந்திருக்கிறதாம்.

கோக்கிற மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிடலாம், முன்னே மாதிரி நீயே வரை, ஒன்பது நாள் ஆனால் ஆகட்டும் என்றேன். அந்த நிமிடம் அதை மனதாரத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிரிண்டர் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடாமல் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டாள். குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். நானும் நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் வந்தது. மூன்றாவது வாரம் எங்கேயாவது ஒரு இலவசத்துக்கு முன்னால் போய் நின்றிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா.

"அந்த எலைய எத்தனை நாள் வரஞ்சே?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு நாள். புழு ஓட்டைக்கு மட்டும் ரெண்டு நாள்." சொல்லும்போதே அவள் விரல்கள் மேசை மேல் அந்த ஓட்டையின் விளிம்பைப் போட்டுக் காட்டின. அங்கே ஒரு பெரியவர் பூதக்கண்ணாடி வைத்து அதைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை, இன்னொன்று வரையுங்கள் என்றாராம். அவசரமில்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

"போ" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. ஏழு நாள் பேசாமல் இருந்து கொடுத்ததும் இதுதான், இப்போது பேசிக் கொடுப்பதும் இதுதானா என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. மடித்த ரசீதை இன்னும் மடிக்கப் பார்த்தாள், அது மடியவில்லை.

"அப்ப குடுத்தது நான் இல்ல பாப்பா. இப்பக் குடுக்கறதுதான் நான்" என்றேன். "நீ இல்லாம இந்த ரூமுக்கு வரவே எனக்குப் பிடிக்காது. தெனமும் காலைல படியேறும்போது அழுகையா வரும். ஒரு வருஷமா உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இருந்திருக்கேன், அதுக்கு என்னை நாலு அறை அறையலாம். உன்னை இருக்கச் சொல்றதுக்கு எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு. இருந்தாலும் போ."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, இதையே ஒரு கார்டில் எழுதிப் போட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் கொண்டுபோய் விட்டது. அவளும் அழுதாள். கீழே யாரோ ஒரு பெரிய வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் யாருக்கும் கேட்டிருக்காது.

அடுத்த பத்து நாளும் பேசித் தீர்த்தோம். பலகையைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. பஸ் பையனின் மூக்கைப் பற்றி எனக்கு விளக்கமாகச் சொன்னாள். ஆந்தை வரைவது ஏன் கஷ்டம் என்று சொன்னாள். அதற்குக் கழுத்து இல்லையாம், இருக்கிற மாதிரி தெரிய வேண்டுமாம். வேலையில் ஏகப்பட்ட தப்பு நடந்தது. ஒரு பெண் குழந்தையின் புத்தகம் வேறு வீட்டுக்குப் போய், அங்கே இருந்த பையன் தன் பெயரை மாற்றிவிட்டார்களா என்று அழுதானாம். மன்னிப்புக் கேட்டு எழுதினேன், என் கையால்.

ஒன்றாம் தேதி அவள் சேர்ந்தாள். அன்றைக்கு முப்பத்து நான்கு புத்தகம் போயின. மறுநாள் முப்பது, அதற்கு மறுநாள் முப்பத்தாறு. எதுவும் நிற்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. மூக்குகள் தானாக வந்து முகங்களில் உட்கார்ந்தன. சரிபார்ப்பதை நான் செய்தேன், சரியாகத்தான் இருந்தன. எங்காவது ஒன்று கோணலாக வரட்டுமே என்று பார்த்தேன், வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு அம்மா எழுதியிருந்தார். எங்கள் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்த மாதிரி இருக்கிறது, வரைந்த கைக்கு முத்தம் என்று. எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது மூக்கு, பதினேழாவது முடி, பல் வலது. வரைந்த கை இங்கே இல்லை என்று அவருக்கு எழுத முடியாது. எனக்கு அந்த அறையில் இருக்கவே முடியவில்லை. அந்தக் கடிதத்தைப் பாப்பாவுக்கு அப்படியே அனுப்ப ஒரு பொத்தான் இருந்தது, அதை விட்டுவிட்டு ஃபோன் செய்தேன்.

ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள். "அண்ணி, ஒரு நிமிஷம், நரம்பு பாதியில நிக்குது, விட்டா போயிடும்" என்று சொல்லிவிட்டு ஃபோனை மேசை மேல் வைத்துவிட்டாள். இணைப்பு அப்படியே இருந்தது. பென்சில் தாளில் போகிற சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, அதன் பின்னால் சின்னச் சின்னதாக நிறைய. நடுவில் நின்றது, எதையோ அழித்தாள், வாயால் ஊதினாள், மறுபடி ஆரம்பித்தாள். ஒரு நிமிடம் எப்போதோ போய்விட்டது. நான் ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு எழுந்து போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அந்த இலையை முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.